இரத்தத்தில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது

“யோசிக்காத தம்பி. மூளையக் கழட்டி வச்சிரு. உடம்ப அது போக்குல விடு. உன் இரத்தத்துலயே இருக்கு, அதுவே அடிக்கும்.”

2013ஆம் ஆண்டு நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது, பத்து நாள் நாடகப் பட்டறை ஒன்றின் நான்காம் நாள் என்னிடம் சொல்லப்பட்டது இது. இருபத்திரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான். கையில் ஒரு பறை. முதல்நாள் அறிமுகத்தில் ஊரையும் தெருவையும் சொல்லியிருந்தேன். தாத்தா கொட்டடித்தவர் என்பதையும் சொல்லித் தொலைத்திருந்தேன். அன்று மதியம் ‘இம்ப்ரோவைசேஷன்’ வகுப்பு. முன்னேற்பாடு இல்லாமல் அந்த நேரத்தில் உடம்பிலும் வாயிலும் வருவதைக் கொண்டு கட்டிக்கொண்டே போவதற்கு அப்படிப் பெயர். நம்மூர்க் கலைஞன் ‘இட்டுக்கட்டுறது’ என்பான். பயிற்சியாளர் எங்கிருந்தோ ஒரு பறையைக் கொண்டுவந்து என் தோளில் மாட்டிவிட்டார்.

அடித்தேன். டப். டப். இன்னொரு டப். இடதுகைக் குச்சி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி அடித்தேன். அதே டப்.

பயிற்சியாளர் முகத்தில் விழுந்த ஏமாற்றத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வாங்கிய மாடு பால் கறக்காவிட்டால் வருகிற ஏமாற்றம் அது. “உனக்குள்ள ஏதோ ஒரு தடை இருக்கு. அத உடைக்கணும்” என்றார். மிச்சம் ஆறு நாளும் என்னுடைய ‘தடை’ அந்தப் பட்டறையில் ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட ஒருத்தி வந்து, “உங்க வேர நீங்க ஏத்துக்கணும்” என்று பரிவோடு சொல்லிவிட்டுப் போனாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தத் ‘தடை’க்குப் பதில் எழுதுகிறேன். அந்தப் பயிற்சியாளரைத் திட்டுவதற்காக இல்லை. அவர் நல்ல மனிதர். அவர் வாயில் வந்த வாக்கியம் அவருடையதும் இல்லை. நாடகப் பட்டறைகளிலும் நடனப் பட்டறைகளிலும் நம் கலைஇரவுகளிலும் மாநாட்டுச் சுவரொட்டிகளிலும் சுற்றிக்கொண்டிருக்கும் வாக்கியம் அது. அதைத்தான் பிடித்து நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

*

எனக்கு ஏன் அடிக்கத் தெரியவில்லை? அதை அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

1994இல் எங்கள் ஊர்ச் சேரி கூடி, மேலத்தெருச் சாவுக்கு இனிக் கொட்டடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தது. அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பிறகு தமிழ்நாட்டின் பல சேரிகளில் எடுக்கப்பட்ட முடிவுதான். நான் அப்போது நாலு வயசுப் பிள்ளை. எங்கள் ஆட்களுக்கு மூன்று மாதம் காட்டுவேலை கிடையாது. மாடு மேய்க்க வரப்பில் இறங்கக்கூடாது. டீக்கடையில் டீ கிடையாது, அதுவரை தனிக்கிளாஸில் கிடைத்துக்கொண்டிருந்த டீயும் கிடையாது. தாத்தா பறையைத் தூக்கிப் பரணில் போட்டார். எலி கடித்துத் தோல் போனது. சட்டம் மட்டும் மிஞ்சியது. அப்பா குச்சியைத் தொடவில்லை. என்னைத் தொடவும் விடவில்லை.

ஆக, என் மணிக்கட்டுக்குப் பறை தெரியாமல் போனது தற்செயல் அல்ல. மூன்று மாதம் பட்டினி கிடந்து என் தெரு சம்பாதித்துக் கொடுத்தது அந்தத் தெரியாமை. அது எங்கள் அரசியல் வெற்றி. அதைத்தான் ஒரு மண்டபத்தில் வட்டமாக உட்கார்ந்து என் மனசுக்குள் இருக்கும் ‘தடை’ என்றார்கள். உடைக்க வேண்டும் என்றார்கள்.

சரி, தாத்தாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? இரத்தத்திலா?

அவர் சொன்னதைச் சொல்கிறேன். ஒன்பது வயசில் அவரைக் கூட்டிப் போக ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு வருஷம் அவர் அடிக்கவே இல்லை. வைக்கோல் பொறுக்கி வந்து தீ மூட்டுவதும், தோலைக் காட்டிக் காய்ச்சுவதும்தான் வேலை. எவ்வளவு நேரம் காட்டினால் எந்தக் குரல் வரும் என்பது அதில் படிந்தது. அதிகம் காய்ந்தால் தோல் கிழியும், குறைந்தால் ஊமையாகும். அடி படிந்தால் முதுகில் தட்டுவார்கள், கிழித்தால் செவிட்டில் விழும். வீட்டில் தொடையில் தட்டிப் பழகினார். தகரத்தில் தட்டிப் பழகினார். வாயால் அடியைச் சொல்லச் சொல்லி, அது பிசகாமல் வந்த பிறகுதான் கையில் குச்சி. இடது கையில் நீண்ட மெல்லிய மூங்கில் சிம்பு, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் வேறுவேறு பேச்சுப் பேச வேண்டும். அதற்குள் கால் சும்மா இருக்கக் கூடாது. நடை தனி, அடி தனி, இரண்டும் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும். சப்பரத்தடி, டப்பா அடி, பாடம் அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றாகப் படிந்து, தனியாக நின்று அடிக்கப் பதினேழு வயசு ஆகிவிட்டது.

எட்டு வருஷம். ஒரு பல்கலைக்கழகத்தில் இளங்கலை, முதுகலை முடித்து முனைவர் பட்டமும் வாங்கிவிடக்கூடிய காலம்.

அதற்குப் பிறகுதான் இட்டுக்கட்டுவது. பாடை தெருமுனையில் நிற்கும். முன்னால் ஆடுகிறவன் சட்டென்று உட்கார்ந்து எழுவான். அழுகைச் சத்தம் திடீரென்று ஏறும். மூத்த ஆட்டக்காரர் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், ஏழு பறையும் அடி மாறும். யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. முன்கூட்டிப் பேசவில்லை. பட்டறைக்காரர்கள் எதை இம்ப்ரோவைசேஷன் என்று தேடி அலைகிறார்களோ அதன் முழு உருவம் அது. ஆனால் அந்த ஒரு நொடிக்குப் பின்னால் எட்டு வருஷம் நிற்கிறது. மூளையைக் கழற்றி வைத்தவன் அந்த இடத்தில் தடுமாறி விழுவான். சொல்வளம் இல்லாதவன் எப்படி இட்டுக்கட்டுவான்? தமிழ் தெரியாதவனை எழுப்பி நிறுத்தி, “உடனடியாக ஒரு வெண்பா சொல்லு, உன் இரத்தத்தில் இருக்கிறது” என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான் என்னிடம் பறையைக் கொடுத்ததும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தாத்தாவின் பயிற்சியை நான் குருகுலமாக ஜோடிக்கவில்லை. அது அடிமை வேலையின் பயிற்சி. கூலி பேசும் உரிமை கிடையாது. களத்தில் அளந்து போட்டதுதான் கூலி, ஊற்றிக் கொடுத்த சாராயம்தான் மரியாதை. அந்த நிலையிலும் அங்கே கற்றல் இருந்தது, கற்பித்தல் இருந்தது, தேர்ச்சி இருந்தது. அடிமைத்தனத்தை மறுப்பதற்காக அந்த அறிவையும் சேர்த்து இல்லை என்று சொல்லிவிட முடியாது.

*

உடல் பயிற்சி என்பதே நமக்கு வேண்டாத மேற்கத்தியச் சரக்கு என்று சொல்லும் கூட்டத்திலும் நான் இல்லை. சபா நாடகத்தில் சோபாவில் உட்கார்ந்து மைக்கைப் பார்த்து வசனம் பேசிய உடம்பைத் தரையில் இறக்கியது இந்தப் பயிற்சிகள்தான். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை, அதே ஆண்டு ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பயிலரங்கு, இவற்றுக்குப் பிறகு நடிகன் உடம்பால் யோசிக்க ஆரம்பித்தான். மேடையும் விளக்கும் இல்லாமல் தெருவில் நாடகம் போடலாம் என்ற தைரியம் நமக்கும் அந்த வழியாக வந்ததுதான். கடனைக் கடன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பட்டறையோடு கூடவே ஒரு கருத்தும் வந்து இறங்கியது. ‘நடுநிலை உடல்’ என்பது அதன் பெயர். 1956இல் பாரிசில் பள்ளி தொடங்கிய ழாக் லெகாக், முகபாவமற்ற ஒரு முகமூடியை மாணவனுக்கு மாட்டி, பழக்கங்களையெல்லாம் உதறிவிட்ட உடம்பு ஒன்றைத் தேடச் சொன்னார். நடிகன் எந்தப் பாத்திரத்துக்கும் போகத் தயாராக நிற்கும் சமநிலை அது. லெகாக்குக்கு அது ஒரு தேடல், யாரும் முழுசாக எட்டிவிட முடியாத ஒன்று. நம்மூர்ப் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது அது ஒரு கட்டளையாகிவிட்டது. “நேரா நில்லு. தோளைத் திற. நெஞ்ச நிமித்து. கண்ணப் பாத்து நட. இதுதான் நியூட்ரல்.”

யாருடைய உடம்பு இது? ஊர்த்தெருவில் தோளில் துண்டு போட்டு நேராக நடந்து பழகியவனுக்கு இது நடுநிலை. அந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த பாட்டனின் பேரனுக்கு? வரப்பில் எதிரே வருகிறவனைப் பார்த்ததும் ஒதுங்கி இறங்கிய கால்களுக்கு? பட்டறையில் என் தோள் கூன் என்றார்கள். நடுவுகாலத்தில் பன்னிரண்டு நாள் நாற்றுமுடி சுமந்த தோள் அது, எங்கே திறக்கும்? அதைக் ‘குறை’ என்று குறித்துக்கொண்டு சரி செய்யப் பார்த்தார்கள். அந்தக் கூன் எப்படி வந்தது என்று கேட்டிருந்தால் அங்கே ஒரு நாடகமே இருந்தது.

இன்னொரு பயிற்சி. சீட்டுக்கட்டில் ஆளுக்கு ஒரு சீட்டை நெற்றியில் ஒட்டிவிடுவார்கள். உன் சீட்டு உனக்குத் தெரியாது. மற்றவர்கள் அதைப் பார்த்து, ராஜா என்றால் குனிவார்கள், ரெண்டு என்றால் ஒதுக்குவார்கள். அவர்கள் நடத்துவதை வைத்து நீ உன் அந்தஸ்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கீத் ஜான்ஸ்டன் 1979இல் வெளியிட்ட இம்ப்ரோவைசேஷன் புத்தகத்தில் அந்தஸ்தைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அந்தஸ்து என்பது ஒருவன் கொண்டிருப்பது அல்ல, செய்து காட்டுவது, ஏற்றப்பலகை மாதிரி மாறிமாறி ஏறி இறங்குவது என்கிறார். நல்ல பார்வைதான். இந்தச் சீட்டு விளையாட்டின் பின்னால் நிற்பதும் அந்தப் பார்வைதான். ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? எனக்கு ரெண்டு சீட்டு. இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். கை தானாக மார்புக்குக் குறுக்கே வந்தது, குரல் இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். “என்னா இயல்பான நடிப்பு!” என்றார்கள். நெற்றிக்கு வந்த சீட்டு ராஜாவாக இருந்த நாளில் நான் திணறினேன். அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

ஏற்றப்பலகையின் ஒரு முனையில் பாறாங்கல்லை வைத்துக் கட்டிவிட்டால் அது விளையாட்டுப் பலகை அல்ல. மண்டபத்தில் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நெற்றியிலிருந்து கழற்ற முடியாத சீட்டைப் பற்றி அந்தப் பத்து நாளில் ஒரு சொல் பேசப்படவில்லை. சாதியைப் பேசினால் ‘படைப்பு மனநிலை கெட்டுவிடும்’ என்றார்கள்.

தொடுதல் பயிற்சி என்று ஒன்று உண்டு. 1972இல் அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் என்ற நடனக்காரர் தொடங்கிவைத்தது. இரண்டு பேர் ஒருவர் எடையை ஒருவர் தாங்கி, உருண்டு, சாய்ந்து, அந்தத் தொடுதல் இழுத்த இழுப்பில் ஆடிக்கொண்டே போவது. தீண்டாமை இருக்கும் நாட்டில் இதைவிடக் கலகமான பயிற்சி இருக்க முடியுமா? என் முதுகில் ஓர் ஐயங்கார்ப் பையன் முழு எடையையும் போட்டுச் சாய்ந்திருந்தான். அந்த நிமிஷத்தை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். அவனும் வியர்த்திருந்தான், நானும் வியர்த்திருந்தேன். ஆனால் அந்தப் பயிற்சி முடிந்ததும் சொல்லப்பட்டது, “இங்க உடம்புக்குச் சாதி இல்ல, பாத்தீங்களா?” என்பதுதான். இல்லாமல் எங்கே போச்சு? நாங்கள் உருண்டு புரள்வதற்காகத் தினமும் காலை ஆறு மணிக்கு அந்தத் தரையைக் கூட்டித் துடைத்த அம்மாவை ஒருவரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. ஒருநாள் பயிற்சியாளர் அவர் குனிந்து கூட்டுவதைக் காட்டி, “பாருங்க, என்ன ஒரு லயம், இதுதான் நடனம்” என்றார். நடனம் இல்லை சார். அது முதுகுவலி.

பிரேசிலின் அகஸ்டோ போவால் 1974இல் வெளியிட்ட ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ புத்தகத்தில் இதற்கு மாற்று இருக்கிறது. உழைப்பு ஒவ்வொருவர் தசையையும் ஒவ்வொரு விதமாகத் திரித்து வைத்திருக்கிறது என்பதிலிருந்து அவர் பயிற்சி தொடங்குகிறது. அதை முதலில் அறிய வேண்டும், பிறகுதான் அவிழ்க்க வேண்டும். உடம்பை வெற்றுப்பலகையாக்கு என்று அவர் சொல்லவில்லை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படி என்கிறார். நம் நாட்டில் அதில் முதல் வரியாக எழுதியிருப்பது சாதி.

*

இப்போது இரத்தத்துக்கு வருவோம்.

ஒரு மேல்சாதிப் பிள்ளை நன்றாகப் பாடினால் என்ன சொல்கிறார்கள்? எந்தக் குருவிடம் பாடம், எத்தனை வருஷ சாதகம், எந்தப் பாடாந்தரம் என்று கேட்கிறார்கள். சேரிப் பிள்ளை நன்றாக அடித்தால்? “இரத்தத்துல ஊறினது.” அவர்களுக்குப் பாடாந்தரம், நமக்கு இரத்தம். ஏன் இந்த வித்தியாசம்? பாடம் என்றால் அதற்கு ஆசிரியர் உண்டு, சம்பளம் உண்டு, பாடத்திட்டம் உண்டு, சான்றிதழ் உண்டு. இரத்தம் என்றால் ஒன்றும் தர வேண்டாம். ஊற்றிலிருந்து தண்ணீர் மொண்டுகொள்வது மாதிரி மொண்டுகொள்ளலாம்.

அந்தப் பட்டறையில் எட்டாம் நாள் ஒரு பறையாட்டக் கலைஞரை அழைத்து வந்தார்கள். அறுபது வயசு இருக்கும். அரைநாள். அட்டவணையில் அவருக்குப் போட்டிருந்த தலைப்பு ‘செயல்விளக்கம்’. மற்றவர்களுக்குப் போட்டிருந்தது ‘பயிற்சி’. அவர் அடித்தார், ஆடினார், நாங்கள் வேர்த்து விறுவிறுத்துப் பின்னால் ஆடினோம். கடைசியில் பயிற்சியாளர் எழுந்து, அவர் செய்ததை எங்களுக்கு ‘விளக்கினார்’. எடைமாற்றம், மூச்சு, உடல்மையம். பெரியவர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பொன்னாடை, 1,500 ரூபாய், அதில்தான் பஸ் செலவும். அவர் செய்தது பயிற்சி இல்லையாம். அதை இன்னொருவர் தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னால் அது பயிற்சியாம்.

பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கிறது என்பதுதானே வருண தருமம்? 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் கிழித்துப் போட்டதும் அதைத்தானே? அதையே ‘வேர்’ என்றும் ‘மரபு’ என்றும் ‘இரத்தம்’ என்றும் பெயர் மாற்றிப் பாராட்டாகக் கொண்டுவந்து தோளில் மாட்டினால் நாம் பூரித்துப் போக வேண்டுமா? வசை வேண்டாம் என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்கிறது. இந்தப் பாராட்டு வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

எதிரில் ஒரு படிப்பினை இருக்கிறது. சதிரும் ஒருகாலத்தில் ‘இரத்தம்’தான். இசைவேளாளர் வீட்டுப் பெண்களின் உடம்பில் இருந்த அடவும் அபிநயமும் நட்டுவனார்களின் கழியடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்தவை. 1930களில் அது பரதநாட்டியம் என்று பெயர் மாறியது. 1936இல் கலாக்ஷேத்ரா வந்தது. அடவுகள் வரிசைப்படுத்தப்பட்டன, வகுப்பாயின, பாடத்திட்டமாயின. சிருங்காரம் ‘சுத்தம்’ செய்யப்பட்டது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிந்தது, அது ஒழிய வேண்டியதுதான். ஆனால் கூடவே அந்தப் பெண்களின் கலைக்கும் மேடை இல்லாமல் போனது. ஒருசிலர் தவிர மற்றவர்கள் தெரியாமலே மறைந்தார்கள். அவர்களிடம் இருந்தபோது அது குலத்தொழில். கைமாறியதும் அது கல்வி. ஒரு வரியை நின்ற இடத்தில் நூறுவிதமாக விரிக்கும் அவர்களின் இட்டுக்கட்டும் வன்மைக்கு இன்றைக்கு ‘மனோதர்மம்’ என்று மரியாதையான பெயர்.

பறைக்கு இது நடந்துகொண்டிருக்கிறது. வாரக்கடைசிப் பறை வகுப்புகள் வந்துவிட்டன. வரட்டும். எல்லோரும் கற்கட்டும். பறை யாருக்கும் தீட்டு இல்லை என்று ஆவது நல்லதுதான். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நானும் தெருவில் இனிப்பு கொடுத்தேன். அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் ‘ஆசான்’ என்ற சொல் முக்கியம். ஆசான் இருந்தால் அது கல்வி. இரத்தம் என்று சொல்கிறவனுக்கு ஆசான் தேவையில்லை.

*

இதுவரை அவர்களைப் பேசியாயிற்று. இனி நம்மை.

இந்த இரத்தப் பேச்சை நம் மேடையில் நாம்தான் சத்தமாகப் பேசுகிறோம். “பறை எங்கள் இரத்தம்” என்று சுவரொட்டி அடிக்கிறோம். அடித்துவிட்டு மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்னால் பிள்ளைகளைக் கூட்டி ஒத்திகை பார்க்கிறோம். பயிற்சி எதற்கு, கோபம் இருந்தால் போதும் என்று நினைப்பு. அடி பிசகுகிறது, முட்டி வலிக்கிறது, அரைமணியில் மூச்சு வாங்குகிறது, தொண்டை கட்டுகிறது. தோழர்கள் கடமைக்குக் கைதட்டுகிறார்கள். நம் மக்கள் கடமைக்குக் கைதட்டும் தரத்தில் நம் கலை இருந்தால் அது மக்களுக்குச் செய்யும் மரியாதையா?

ஒரு நண்பர் பூக்கோவைப் படித்துவிட்டு வந்து வாதாடினார். “பயிற்சி என்பதே அதிகாரம் தோழர். உடம்பை ஒழுங்குபடுத்தி அடங்கவைப்பது. தலித் உடல் கலக உடல். அதற்கு ஒழுங்கு எதற்கு?” கேட்க நன்றாக இருக்கிறது. கலகம் செய்யவும் முட்டி வேண்டும் தோழரே. நம் பாட்டனின் உடம்பைப் பழக்கியது ஆண்டையின் தேவை. நம் உடம்பை நாமே, நமக்கு வேண்டியதற்குப் பழக்கிக்கொள்வதும் அதுவும் ஒன்றா? ஒழுங்கே வேண்டாம் என்று ஒரு முனைவர் சொல்லலாம், அவர் ஒழுங்காகப் படித்து வாங்கிய பட்டம் அவரிடம் இருக்கிறது.

இரத்தக் கட்சிக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. என் அக்காவுக்கும் எனக்கும் ஒரே இரத்தம்தானே? என் அத்தைகளுக்கும் தாத்தாவுக்கும் ஒரே இரத்தம்தானே? தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையில் பறை ஏன் வரவில்லை? ஏனென்றால் பொம்பளைப் பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தொட விடவில்லை. நாமும் ஒரு தீண்டாமை வைத்திருந்தோம். பிறகு 1990களிலிருந்து திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி அடித்தபோது ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. இரத்தம் மாறிவிட்டதா அவர்களுக்கு? இல்லை. கற்றுக்கொடுத்தார்கள், கற்றார்கள். இரத்தத் தத்துவம் அந்தப் பெண்களின் முதல் அடியிலேயே செத்துவிட்டது. நாம்தான் இன்னும் பாடையைத் தூக்காமல் வைத்திருக்கிறோம்.

நான் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல், இருபத்தொன்பதாவது வயசில், ஓர் ஆசானிடம் போனேன். முதல் மாசம் குச்சி பிடிக்க மட்டும். கொப்புளம் வந்து உடைந்து காய்த்தது. வாயால் அடி சொல்லும்போது சிரிப்பு வந்தது, எம்.ஏ. படித்தவனுக்கு வெட்கம். ஆசான் சொன்னார், “வாயிக்கு வராதது கைக்கு வராதுப்பா.” எட்டாவது மாசம் ஒரு போராட்டப் பந்தலில் மைக் கெட்டுப்போய்க் கூட்டம் கலையத் தொடங்கியது. யாரும் சொல்லாமல் எழுந்து அடித்தேன். ஆசான் ஒரு பார்வை பார்த்தார். அடி மாற்றினேன். கை எங்கே போக வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. யோசிக்கவில்லைதான். யோசிக்க வேண்டியதையெல்லாம் எட்டு மாசமாக யோசித்து முடித்திருந்தேன்.

வீட்டுக்குப் பறையோடு போன நாள் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டு கேள்வி கேட்டார்.

“எழவுக்கு அடிக்க மாட்டேல்ல?”

“மாட்டேன்ப்பா.”

“கூலி பேசிட்டுத்தான போற?”

“பேசிட்டுத்தான்.”

கொஞ்ச நேரம் கழித்து, நான் அடிப்பதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே சொன்னார், “எடது தோளத் தூக்காத. கழுத்துப் புடிச்சுக்கும்.”

இருபத்தைந்து வருஷம் குச்சியைத் தொடாத மனுஷன். பாடம் அவருக்கு மறக்கவில்லை.

*

என்ன செய்யலாம்? பட்டறை நடத்துகிறவர்களுக்கும், அதைவிட முக்கியமாக நமக்கும் சில கோரிக்கைகள்.

1. பறையாட்டம், கூத்து, ஒயில் என்று எதைச் சொல்லிக்கொடுக்க வருகிறவரையும் அட்டவணையில் ‘பயிற்சியாளர்’ என்றே போடு. மற்றவருக்கு என்ன தொகையோ அதே தொகை. அரைநாள் செயல்விளக்கம் வேண்டாம். குறைந்தது பட்டறையின் மூன்றில் ஒரு பகுதி. அவர் செய்ததை அவரே விளக்கட்டும்.

2. முதல் நாள் ‘நடுநிலை’யில் தொடங்காதே. ஒவ்வொருவர் உடம்பும் எதைத் தொடக்கூடாது, எங்கே உட்காரக்கூடாது, யார் முன்னால் குனிய வேண்டும் என்று கற்றுக்கொண்டது என்பதிலிருந்து தொடங்கு. இதை நாங்கள் மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. யாரும் தன் முன்னால் குனிவார்கள் என்று எதிர்பார்க்கக் கற்ற உடம்பும் வட்டத்தின் நடுவில் வந்து அதைச் சொல்லட்டும்.

3. அந்தஸ்து விளையாட்டு வைத்தால் சாதியைப் பேசு. பேச முடியாது என்றால் வைக்காதே.

4. நம் கலைக்குழுக்களில் வருஷம் முழுக்கப் பயிற்சி வேண்டும். தினம் ஒரு மணிநேரம். மூச்சு, முட்டி, முதுகு, குரல். பெண்கள் பின்வரிசையில் அல்ல, அடியெடுத்துக் கொடுக்கும் இடத்தில். கலைஞருக்குக் கூலி, மாநாட்டுச் செலவுக் கணக்கில் முதல் வரியாக.

5. அடிகளின் பெயரையும் நடைகளையும் கற்பிக்கும் முறையையும் நாமே எழுத வேண்டும். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன, பெண்பிள்ளைகளும் கற்றார்கள். பறைக்கு அப்படி ஒன்றை நாம் ஏன் தொடங்கக் கூடாது?

6. சுவரொட்டியிலிருந்து ‘இரத்தம்’ என்ற சொல்லை எடுத்துவிடுவோம். அந்த இடத்தில் கற்றுக்கொடுத்தவர் பெயரைப் போடுவோம்.

அந்தப் பட்டறையின் பயிற்சியாளர் இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கு ஒரு சேதி. சார், எனக்குள் இருந்தது தடை இல்லை. எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்தமுறை யார் கையிலாவது பறையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். “கத்துக்கிட்டிருக்கியா தம்பி?” இல்லை என்றால், சொல்லிக்கொடுக்க ஆசான்கள் இருக்கிறார்கள். கூலி பேசி அழையுங்கள்.